அண்ணாமலை எரிமலைக் கருத்து: ஒரு விமர்சனம்

அண்ணாமலை எரிமலைக் கருத்து என்பது, திருவண்ணாமலையில் உள்ள அருணாசல மலை ஒரு காலத்தில் எரிமலையாக இருந்தது, அந்த நினைவே சிவன் நெருப்பு வடிவாகத் தோன்றிய புராணமாகவும் கார்த்திகைத் தீபமாகவும் மாறியது என்று கூறும் கருத்து. ஆன்மீக நூல்கள், தலவரலாற்றுச் சிறுநூல்கள், சுற்றுலாக் கையேடுகள் ஆகியவற்றில் இது பல வடிவங்களில் காணப்படுகிறது. சிலர் மலை அணைந்த எரிமலை என்கின்றனர். சிலர் அது உறங்கும் எரிமலை என்றும், உள்ளே நெருப்பு இன்னும் உயிரோடு உள்ளது என்றும் கூறுகின்றனர். புராணத்துக்கு அறிவியல் தந்த சான்று என்று இதைக் கொள்வோர் உண்டு. புராணம் வெறும் இயற்கை அச்சத்தின் விளைவு என்று காட்ட இதையே பயன்படுத்துவோரும் உண்டு.

இக்கருத்து நிலவியலோடு பொருந்தவில்லை. புராணத்தோடும் வழிபாட்டு மரபோடும் கூட அது பொருந்தவில்லை. மேலும் மலையின் உண்மையான இயல்பையும், அதன் சரிவுகளில் வாழும் மக்களுக்கு அதனால் நேரும் உண்மையான ஆபத்தையும் அது மறைக்கிறது. 2024 டிசம்பரில் நிகழ்ந்த நிலச்சரிவுக்குப் பின் இந்தக் கேள்வி வெறும் அறிவுப்பயிற்சியாக இல்லை.

மலையும் ஊரும்

அருணாசல மலை சுமார் 2,668 அடி உயரம் கொண்டது. அதன் கிழக்கு அடிவாரத்தில் அருணாசலேசுவரர் கோயில் அமைந்துள்ளது. மலையைச் சுற்றிய கிரிவலப் பாதை ஏறக்குறைய 14 கிலோமீட்டர் நீளமுடையது. அப்பாதையில் எட்டுத் திசைகளுக்கும் உரிய எட்டு லிங்கங்கள் உள்ளன. ஐம்பூதத் தலங்களில் காஞ்சிபுரம் நிலத்துக்கும், திருவானைக்காவல் நீருக்கும், திருக்காளத்தி காற்றுக்கும், சிதம்பரம் வெளிக்கும் உரியவை. திருவண்ணாமலை நெருப்புக்கு உரிய தலம்.

நகரின் வடகிழக்கே, வேலூர் சாலையில் உள்ள பகுதி வேங்கிக்கால். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இங்குள்ளது. 1989-ல் வட ஆர்க்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டுத் திருவண்ணாமலை தனி மாவட்டத் தலைநகரான பின், ஏரியும் வயல்களும் சூழ்ந்த இந்தக் கிராமம் அலுவலகங்களும் குடியிருப்புகளும் நிறைந்த புறநகராக வளர்ந்தது. சாதிச் சான்று கேட்டும் பட்டா மாறுதல் கேட்டும் மனுவோடு வருபவர் இங்கு நின்று நிமிர்ந்து பார்த்தால் தென்மேற்கே மலை தெரியும். மலையைத் தெய்வமாக வணங்குவதும், மலையடிவார நிலத்துக்குப் பட்டா வழங்குவதும், மழைக்காலத்தில் மக்களை மலையடிவாரத்திலிருந்து அப்புறப்படுத்துவதும் ஒரே பார்வை எல்லைக்குள் நடக்கின்றன. மலை என்னவாக இருக்கிறது என்ற கேள்வி அதனால்தான் இங்கு நடைமுறைக் கேள்வியும் ஆகிறது.

கருத்தின் தோற்றம்

எரிமலைக் கருத்து அச்சில் பரவியதில் ஆங்கில எழுத்தாளர் பால் பிரன்டனுக்குப் பங்குண்டு. அவரது 'எ சர்ச் இன் சீக்ரெட் இந்தியா' 1934-ல் வெளிவந்து ரமணரை மேலை நாடுகளுக்கு அறிமுகம் செய்தது. அடுத்து 1936-ல் வெளிவந்த 'எ மெசேஜ் ஃப்ரம் அருணாசலா' நூலில் அவர் மலையின் தொன்மையைப் பேசுகிறார். நிலவியல் அறிந்த அமெரிக்க நண்பர் ஒருவரின் கருத்தாக, நிலக்கரிப் படுகைகள் உருவாவதற்கும் முந்தைய காலத்தில் எரிமலைச் சீற்றத்தால் இம்மலை மேலெழுந்திருக்கலாம் என்ற செய்தி அங்கு இடம்பெறுகிறது. மறைந்த லெமூரியாக் கண்டத்தோடும் மலை இணைத்துப் பேசப்படுகிறது.

இந்தப் பகுதியை இன்று வாசிப்பவர் அதன் காலத்தைக் கருத்தில் கொள்ள வேண்டும். லெமூரியா என்ற பெயரை 1864-ல் விலங்கியலாளர் பிலிப் ஸ்கிளேட்டர் உருவாக்கினார். மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் லெமூர் இனத்தின் தடயங்கள் ஏன் உள்ளன என்பதை விளக்க அவருக்கு ஒரு நிலப்பாலம் தேவைப்பட்டது. பின்னர் பிரம்மஞான சபையினர் அதை ஆதிமனிதர் வாழ்ந்த கண்டமாக மாற்றினர். தமிழகத்தில் அது குமரிக்கண்டத்தோடு கலந்தது. 1960-களில் புவித்தட்டுக் கொள்கை நிலைபெற்ற பின் அந்த நிலப்பாலத்துக்குத் தேவையே இல்லாமல் போனது. பிரன்டன் எழுதிய ஆண்டுகளில் கண்டங்கள் நகர்கின்றன என்பதைப் பெரும்பாலான நிலவியலாளர் ஏற்கவில்லை. எனவே அவர் நூலில் உள்ளது அக்காலத்தில் இயல்பாக ஒலித்த ஓர் ஊகம். குறை அவருடையது என்பதைவிட, தொண்ணூறு ஆண்டுகளாக அந்த ஊகத்தைத் 'தற்கால அறிவியல்' என்று திரும்பத் திரும்ப எழுதுபவர்களுடையது.

இன்னொரு ஊற்று, மலையின் வயது 260 கோடி ஆண்டுகள் என்று விஞ்ஞானி பீர்பால் சகானி கண்டறிந்ததாகச் சொல்லும் வாக்கியம். தமிழில் வரும் தலக்கட்டுரைகள் பலவற்றில் இது ஏறத்தாழ ஒரே சொற்களில் உள்ளது. பீர்பால் சகானி (1891–1949) உலகப் புகழ் பெற்ற தொல்தாவரவியலாளர். லக்னோவில் தொல்தாவரவியல் நிறுவனத்தை 1946-ல் நிறுவியவர். பாறைகளில் படிந்த இலை, தண்டு, விதை ஆகியவற்றின் தடங்களைக் கொண்டு பழங்காலத் தாவரங்களை ஆராய்வது அவரது துறை. அண்ணாமலையின் பாறை நிலத்தின் ஆழத்தில் உயர்வெப்பத்தில் உருவானது. அதில் தாவரப் புதைபடிவம் இருக்க வழியில்லை. அப்பாறை உருவான காலத்தில் நிலத்தில் மரமோ செடியோ தோன்றவும் இல்லை. சகானியின் முறையால் அளக்கவே முடியாத ஒன்றை அவர் அளந்ததாகச் சொல்வது, புகழ்பெற்ற பெயரைச் சாட்சியாக நிறுத்தும் வழக்கத்துக்கு உதாரணம்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. 260 கோடி என்ற எண் முழுத் தவறு அல்ல. வட தமிழகத்தின் பழம்பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்பது கதிரியக்கக் காலக்கணிப்பால் தெரியவந்தது. எண் உண்மைக்கு அருகில் உள்ளது. அதற்குக் காட்டப்படும் சாட்சிதான் பிழை. பிழையான சாட்சியால் சரியான செய்தியும் நம்பகம் இழக்கிறது.

நிலவியல் கூறுவது

திருவண்ணாமலை வட்டாரம் சார்னோகைட், நைஸ், கிரானைட் ஆகிய கடினப் பாறைகளால் ஆனது. மக்கள் இவற்றையெல்லாம் கருங்கல் என்ற ஒரே பெயரால் அழைப்பர். இவற்றில் சார்னோகைட்டின் பெயருக்கு ஒரு வரலாறு உண்டு. கல்கத்தா நகரை நிறுவியவராகக் கருதப்பட்ட ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் சென்னைப் பகுதியிலிருந்து கொண்டுசெல்லப்பட்டது. அதே வகைப் பாறையைப் பல்லாவரம், பரங்கிமலைப் பகுதிகளில் ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து, 1893-ல் அதற்குச் சார்னாக்கின் பெயரைச் சூட்டினார். ஒரு வணிகரின் கல்லறை வழியாகத் தமிழகக் கருங்கல் உலக நிலவியல் அகராதியில் ஏறியது.

சார்னோகைட் எரிமலைப் பாறை அல்ல. எரிமலைப் பாறை, உருகிய குழம்பு தரைக்கு மேல் வந்து விரைவாகக் குளிர்வதால் உருவாவது. அதனால் அதன் மணிகள் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியவை. மும்பையைச் சுற்றியுள்ள தக்காணப் பசால்ட் இதற்கு உதாரணம். அது சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்த குழம்பு. சார்னோகைட் இதற்கு நேர்மாறானது. புவியோட்டின் அடிப்பகுதியில், பல கிலோமீட்டர் ஆழத்தில், பெரும் அழுத்தத்திலும் வெப்பத்திலும் உருவாவது. அதன் மணிகள் பெரியவை, கண்ணுக்குத் தெரிபவை. அது உருகிய குழம்பிலிருந்து உறைந்ததா, ஏற்கெனவே இருந்த பாறை வெப்பத்தால் உருமாறியதா என்பது ஹாலந்தின் காலம் முதல் நீண்ட விவாதமாக இருந்துள்ளது. இரண்டில் எது சரியானாலும் அது நடந்த இடம் ஆழமே.

அப்படியானால் அந்தப் பாறை இன்று 2,668 அடி உயரத்தில் எப்படி நிற்கிறது? அதற்கு மேலே இருந்த பாறை முழுவதும் கோடிக்கணக்கான ஆண்டுகளில் மழையாலும் வெயிலாலும் ஆறுகளாலும் அரிக்கப்பட்டுப் போனது. மேற்சுமை குறையக் குறைய ஆழத்துப் பாறை மெல்ல உயர்ந்தது. மென்மையான பகுதிகள் கரைந்து சமவெளியாயின. கரையாத பகுதி மலையாக எஞ்சியது. அண்ணாமலை கீழிருந்து வெடித்து வெளிவந்த மலை அல்ல. சுற்றியிருந்தவை அழிந்த பின் மிஞ்சிய மலை.

இதனால் வழக்கமான இன்னொரு குழப்பமும் தெளிகிறது. 'இமயத்தைவிடப் பழைய மலை' என்ற வாக்கியத்தில் பாறையின் வயதும் மலை வடிவத்தின் வயதும் ஒன்றாக்கப்படுகின்றன. இந்தியத் தட்டு ஆசியாவோடு மோதி இமயம் எழத் தொடங்கியது ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன். அண்ணாமலையின் பாறை அதைவிடப் பல மடங்கு பழையது என்பது உண்மை. ஆனால் இன்று கிரிவலம் வருபவர் காணும் இந்த முகடும் சரிவும் அரிப்பால் செதுக்கப்பட்டவை. அந்தச் செதுக்கல் இன்றும் நிற்கவில்லை. ஒவ்வொரு மழைக்காலத்திலும் நடந்துகொண்டிருக்கிறது.

மலையின் வடிவத்தைக் கொண்டு சொல்லப்படும் வாதமும் நிற்பதில்லை. ஒரு பக்கத்திலிருந்து பார்க்கும்போது கூம்பாகத் தெரிவதால் அது எரிமலைக் கூம்பு என்பர். எரிமலைக் கூம்பு எல்லாப் பக்கத்திலும் பெரும்பாலும் ஒரே சாய்வாகத் தெரியும். அண்ணாமலை அப்படியல்ல என்பதைக் கிரிவல மரபே நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. ஓரிடத்தில் ஒரே முகடாகவும், வேறோரிடத்தில் இரண்டாகவும், மூன்றாகவும், பாதையின் பிற்பகுதியில் ஐந்து முகமாகவும் மலை தோன்றும் என்பது அம்மரபு. நடந்து நடந்து மலையைப் பார்த்தவர்களின் கண், தொலைவிலிருந்து ஒருமுறை பார்த்தவரின் ஊகத்தைவிட நுட்பமானது.

புராணம் கூறுவது

எரிமலைக் கருத்துக்கு அடித்தளமாகக் காட்டப்படுவது அடிமுடி தேடிய கதை. பிரமனும் திருமாலும் தம்முள் யார் பெரியவர் என்று வாதிட்டபோது சிவன் அடியும் முடியும் இல்லாத தழல்தூணாக நின்றார். திருமால் பன்றியாக நிலத்தை அகழ்ந்து சென்று அடியைக் காணவில்லை. அன்னமாகப் பறந்த பிரமன் முடியைக் காணாமல், தாழம்பூவைப் பொய்ச்சாட்சியாக்கினார். எரிமலைக் கருத்தினர் இதில் தூணை எரிமலைப் பிழம்பு என்றும், அகழ்தலை நிலவெடிப்பு என்றும் வாசிக்கின்றனர்.

இந்த வாசிப்பு கதையின் மையத்தை விட்டுவிடுகிறது. எரிமலைக்கு அடியும் உண்டு, முடியும் உண்டு. அதன் வாயில் நின்று உள்ளே பார்க்க முடியும். கதையில் வரும் தழலின் இலக்கணமே அளக்க முடியாமைதான். அதைக் காண முயன்றவர் இருவரும் தோற்கின்றனர். ஒருவர் தோல்வியை ஒப்புக்கொள்கிறார், ஒருவர் பொய் சொல்கிறார். கதையின் தீர்ப்பு அந்தப் பொய்யின் மீதே விழுகிறது. காணாததைக் கண்டதாகச் சொல்லக்கூடாது என்று எச்சரிக்கும் கதைக்கு, இல்லாத எரிமலையைச் சான்றாகக் காட்டுவது தாழம்பூவை மீண்டும் சாட்சிக்கு அழைப்பதற்கு ஒப்பாகும்.

மலையைப் பற்றிய மரபு இன்னும் விரிவானது. கந்தபுராணத்தின் பகுதியாகக் கருதப்படும் அருணாசல மகாத்மியமும், சைவ எல்லப்ப நாவலர் இயற்றிய அருணாசல புராணமும் தலத்தின் கதைகளைத் தொகுத்துரைப்பவை. மலை கிருதயுகத்தில் நெருப்பாகவும், திரேதாயுகத்தில் மாணிக்கமாகவும், துவாபரயுகத்தில் பொன்னாகவும், கலியுகத்தில் கல்லாகவும் இருக்கிறது என்பது தலமரபு. தழலின் வெம்மையை உயிர்கள் தாங்க முடியாததால் இறைவன் தன்னைக் குளிர்வித்துக்கொண்டு மலையானான் என்பது அதன் பொருள். அதாவது மரபு போற்றுவது நெருப்பின் சீற்றத்தை அல்ல, நெருப்பு அடங்கியதை. கல்லாகி நிற்பது இறைவனின் இரக்கம். உள்ளே நெருப்பு குமுறுகிறது, என்றாவது வெடிக்கும் என்ற எதிர்பார்ப்பு இந்த இரக்கத்துக்கு எதிரானது.

பெயர்களும் இதையே சொல்கின்றன. 'அண்ணாமலை' என்பதற்கு அண்ண முடியாத மலை, அதாவது நெருங்க முடியாத மலை என்று பொருள் கூறுவர். 'அருணாசலம்' என்பதில் அருணம் செம்மை, அசலம் அசையாதது. ரமணர் தமது அருணாசல அட்டகத்தில், அறிவற்றது போல் அமர்ந்திருக்கும் இம்மலையை அருகில் வந்து பார்த்தபோது அசையாமையாகவே கண்டதாகக் கூறுகிறார். 1896 முதல் 1950 வரை, விரூபாட்ச குகையிலும் கந்தாசிரமத்திலும் பின்னர் அடிவார ஆசிரமத்திலும் அவர் இம்மலையை விட்டு அகலவில்லை. கயிலாயம் சிவன் உறையும் இடம், அருணாசலமோ சிவனே என்பது அவரது நிலைப்பாடு. மலையை உயிருள்ள தெய்வமாகக் கொண்டவர்களில் மிகத் தீவிரமானவர் அவர். அவருக்கு மலையின் உயிர் அதன் மௌனத்தில் இருந்தது.

நீரின் மலை

ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் இத்தலத்தைப் பாடினர். சம்பந்தரின் அண்ணாமலைப் பதிகத்தில் காணப்படும் மலை, முழவென அதிரும் அருவிகள் கொண்ட மலை. புகையும் சாம்பலும் அங்கு இல்லை. நெருப்புத் தலத்தைப் பாடவந்த கவிஞரின் கண்ணிலும் செவியிலும் முதலில் பட்டது நீர்.

மலையின் நடைமுறை வழிபாடும் நீரால் நிறைந்தது. மலைமேல் முலைப்பால் தீர்த்தம் உள்ளது. கந்தாசிரமத்தில் ஊற்றுநீர் உள்ளது. மலையைச் சுற்றி 360 தீர்த்தங்கள் உண்டு என்பர். எட்டு லிங்கங்களில் அக்னி லிங்கம் தென்கிழக்குக்கு மட்டுமே உரியது. மேற்கே வருண லிங்கம் உள்ளது. வேங்கிக்கால் ஏரி உள்ளிட்ட சுற்றுவட்டார ஏரிகள், மலையும் சமவெளியும் பெறும் மழையைத் தேக்கும் பழைய அமைப்பைச் சேர்ந்தவை. நெருப்பை மட்டும் தனியே பிரித்தெடுத்து அதற்கு எரிமலை என்று பெயரிடும்போது, இந்த மொத்த அமைப்பும் பார்வையிலிருந்து மறைகிறது.

தீபமும் இதே உண்மையைச் சொல்கிறது. கார்த்திகை நாளில் அதிகாலை கோயிலில் பரணி தீபமும், மாலை மலையுச்சியில் மகாதீபமும் ஏற்றப்படுகின்றன. மலையுச்சித் தீபம் மலையிலிருந்து வருவதில்லை. கொப்பரை, திரித்துணி, ஆயிரக்கணக்கான கிலோ நெய் ஆகியவை மனிதத் தோள்களில் மேலே செல்கின்றன. அதை ஏற்றும் உரிமை மரபாகப் பருவதராஜ குலத்தினருக்கு உரியது. மீன்பிடித்தலைக் குலத்தொழிலாகக் கொண்ட சமூகம் அது. நீரை நம்பி வாழ்ந்தவர்களின் கையால் நெருப்பு ஏற்றப்படுவது இத்தலத்தின் அழகுகளில் ஒன்று. பதினொரு நாள் எரிந்த பின் கொப்பரை கீழே வரும். அதில் படிந்த மை ஆருத்ரா தரிசன நாளில் நடராசருக்குச் சாத்தப்பட்டுப் பக்தர்களுக்கு வழங்கப்படும். எரிமலையின் நினைவே தீபம் என்று கூறுவது, ஆண்டுதோறும் நெய் சுமந்து ஏறும் இந்த உழைப்பை ஒரு நிலவியல் விபத்தின் நகலாகச் சுருக்குவதாகும்.

எரிமலை வழிபாடு: ஒப்பீடு

எரிமலையை உண்மையாகவே தெய்வமாகக் கொண்ட சமயங்கள் உலகில் உண்டு. அவற்றோடு ஒப்பிடும்போது அண்ணாமலை எங்கு வேறுபடுகிறது என்பது தெளிவாகும்.

ஹவாய்த் தீவுகளின் பெலே, கிலாவேயா எரிமலையில் வாழும் பெண்தெய்வம். அவள் கோபமும் பொறாமையும் கொண்டவள். ஊரை எரிப்பவளும் புதிய நிலத்தை உண்டாக்குபவளும் அவளே. 1824-ல் கிறித்தவம் தழுவிய தலைவி கபியோலானி எரிமலைவாயில் இறங்கிப் பெலேவின் தண்டனைக்கு அஞ்சவில்லை என்று அறிவித்தார். அவருக்கு ஒன்றும் நேரவில்லை. இருந்தும் பெலே வழிபாடு முற்றிலும் மறையவில்லை. ஏனெனில் எரிமலை அணையவில்லை.

ஜாவாவில் தெங்கர் இந்துக்கள் ஆண்டுதோறும் கசடா விழாவில் புரோமோ எரிமலையின் வாய்க்குள் காய்கறி, கோழி, பணம் ஆகியவற்றைக் காணிக்கையாக வீசுகின்றனர். பாலித் தீவில் அகுங் மலையின் சரிவில் பெசாகி என்ற தாய்க்கோயில் உள்ளது. 1963-ல் அங்கு ஏகாதச ருத்திர வேள்வி நடந்த காலத்திலேயே அகுங் வெடித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். குழம்பு கோயிலைத் தொடாமல் விலகிச் சென்றது. வேள்வி உரிய காலத்தில் நடத்தப்படவில்லை என்று ஒரு சாராரும், கோயில் தப்பியது தெய்வத்தின் அடையாளம் என்று மற்றொரு சாராரும் கொண்டனர்.

இம்மூன்றிலும் பொதுவான ஒன்று, தெய்வத்தோடு செய்துகொள்ளும் உடன்பாடு. எப்போது சீறும் என்று தெரியாத ஒன்றைத் தணிவிக்கவே காணிக்கைகள். அண்ணாமலை வழிபாட்டில் தணிவித்தல் இல்லை. சுற்றி வருதல் உண்டு, நினைத்தல் உண்டு, விளக்கேற்றுதல் உண்டு. நினைத்தாலே முத்தி தரும் தலம் என்ற மரபு, அஞ்சியவர்கள் உருவாக்கிய மரபாகத் தோன்றவில்லை.

இந்திய எல்லைக்குள் இன்றும் எரியும் எரிமலை அந்தமான் கடலில் உள்ள பேரன் தீவு ஒன்றே. நெடுங்காலம் அடங்கியிருந்த அது 1991-ல் மீண்டும் சீறத் தொடங்கியது. அங்கு மனிதர் இல்லை, கோயிலும் இல்லை. இமாசலத்தின் ஜுவாலாமுகியில் பாறை இடுக்கில் எரியும் சுடர் தெய்வமாக வணங்கப்படுகிறது. அது எரிமலை அல்ல, நிலத்திலிருந்து கசியும் இயற்கை வாயு. எரிமலை இருந்தால்தான் நெருப்புத் தெய்வம் தோன்றும் என்ற விதி இல்லை என்பதற்கு இவை போதிய சான்று.

கருத்தின் வலிமை

எரிமலைக் கருத்தை வெறும் மூடத்தனம் என்று ஒதுக்குவது நேர்மையாகாது. அது ஏன் இத்தனை காலம் நிலைத்தது என்பதற்குக் காரணங்கள் உண்டு.

முதலாவது, அதில் ஒரு துளி உண்மை உள்ளது. கிரானைட் என்பது ஆழத்தில் உறைந்த பாறைக்குழம்பு. சார்னோகைட் உயர்வெப்பத்தைக் கண்ட பாறை. நெருப்பாக இருந்தது கல்லாயிற்று என்ற வாக்கியத்தை ஒரு நிலவியலாளர் கேட்டால் முழுவதும் மறுக்க மாட்டார். ஆனால் இந்த ஒற்றுமையிலிருந்து முன்னோர் அப்பாறையின் பிறப்பைக் கண்டறிந்திருந்தனர் என்று முடிவுசெய்ய முடியாது. 250 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்துக்கடியில் நடந்த ஒன்றைப் பார்த்து நினைவில் வைத்திருக்க மனிதர் எவரும் இல்லை. மனிதஇனத்தின் முழு வரலாறும் அந்தக் காலத்தின் நுனியில் ஒட்டிய தூசு. இங்கு இருப்பது நினைவு அல்ல, உருவகத்தின் தற்செயலான பொருத்தம்.

இரண்டாவது, பள்ளியில் அறிவியல் கற்ற தலைமுறைக்குப் புராணத்தை அப்படியே சொல்லக் கூச்சம் உள்ளது. 'இது எரிமலையாக இருந்தது' என்று தொடங்கினால் அந்தக் கூச்சம் நீங்குகிறது. நம்பிக்கைக்கு ஆய்வக முத்திரை கிடைத்துவிடுகிறது. ஆனால் அந்த முத்திரைக்கு ஒரு விலை உண்டு. நாளை ஒரு மாணவர் பாடநூலைத் திறந்து சார்னோகைட் எரிமலைப் பாறை அல்ல என்று அறிந்தால், அவர் எரிமலையை மட்டும் கைவிட மாட்டார். அதன் மேல் கட்டப்பட்ட அனைத்தையும் ஐயுறுவார்.

மூன்றாவது, உயிருள்ள மலை என்ற உணர்வுக்கு எரிமலை எளிய உருவம் தருகிறது. அசையாத ஒன்றை உயிருள்ளது என்று உணரப் பயிற்சி வேண்டும். வெடிக்கக்கூடிய ஒன்றை உயிருள்ளது என்று நம்பப் பயிற்சி தேவையில்லை.

நிலச்சரிவு எழுப்பிய கேள்வி

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. தொடர்ந்த பெருமழையில் டிசம்பர் 1 மாலை திருவண்ணாமலை வ.உ.சி. நகர்ப் பகுதியில் மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறைகளும் சரிந்து வீட்டின் மேல் விழுந்தன. ஐந்து சிறுவர்கள் உட்பட ஏழு பேர் உயிரிழந்தனர். அதன்பின் வல்லுநர் குழு மலையை ஆராய்ந்தது. டிசம்பர் 13 அன்று மகாதீபம் வழக்கம்போல் ஏற்றப்பட்டது. பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை.

இந்தச் சாவுக்குக் காரணம் நெருப்பு அல்ல, நீர். பழைய கருங்கல் மலைகள் அனைத்துக்கும் இது பொதுவான இயல்பு. வெயிலிலும் மழையிலும் பாறையில் விரிசல்கள் விழுகின்றன. விரிசல் வழியே நீர் இறங்கிப் பாறையை மண்ணாக்குகிறது. நடுவே கரையாத உருண்டைக் கற்கள் அந்த மண்ணில் புதைந்தபடி சரிவில் தங்குகின்றன. பெருமழையில் மண்ணின் இடைவெளிகளில் நீர் நிரம்பும்போது அதன் பிடி தளர்கிறது. மண்ணோடு கற்களும் சரிகின்றன. மரவேர்கள் உள்ள சரிவில் பிடிமானம் அதிகம். மரம் இழந்த, வீட்டுக்காக வெட்டப்பட்ட சரிவில் குறைவு. இருபதாம் நூற்றாண்டில் மரங்களை இழந்து மொட்டையாகிய இம்மலையில் 1980-களின் இறுதியிலிருந்து தன்னார்வலர்களும் வனத்துறையும் மரம் நட்டு வருகின்றனர். கோடையில் புல்லில் பற்றும் தீ அந்த உழைப்பை மீண்டும் மீண்டும் அழிக்கிறது. மலையில் உண்மையாக எரியும் நெருப்பு அது ஒன்றே. அதைப் பெரும்பாலும் மூட்டுவது மனிதக் கை.

எரிமலைக் கருத்தின் குறை இங்குதான் வெறும் தகவல் பிழையைத் தாண்டுகிறது. எரிமலை என்ற சொல் ஆபத்தை மலையின் அடிவயிற்றில், எட்டாத ஆழத்தில், எட்டாத காலத்தில் வைக்கிறது. உண்மையான ஆபத்து சரிவின் மேற்பரப்பில், கண்ணுக்கு எதிரே, அடுத்த மழையில் உள்ளது. முதலாவதைப் பற்றி எவரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. இரண்டாவதற்கு வீட்டுமனை அனுமதி, மாற்றிடம், நீர்வழிகளின் பராமரிப்பு, மரம் வளர்ப்பு, முன்னெச்சரிக்கை என்று செய்ய வேண்டியவை பல. அவற்றுக்கான கோப்புகள் செல்லும் இடங்களில் ஒன்று வேங்கிக்கால்.

சரிவில் வீடு கட்டியவர்களை மட்டும் குறைகூறி முடிப்பதும் தவறு. மலைநகரின் சமதளத்தில் மனையின் விலை கிரிவலக் கூட்டத்தோடு சேர்ந்து ஏறியது. விடுதிகளும் வீட்டுமனைகளும் பெருகின. கூலித்தொழில் செய்பவருக்கு எஞ்சியது மலையின் ஓரம். தெய்வமாகிய மலையின் அருகில் வாழ்வது பேறு என்று கூறும் நகரில், மிக அருகில் வாழ்பவர் மிக ஏழையர் என்பதை எந்தத் தலவரலாறும் சொல்வதில்லை.

மதிப்பீடு

அண்ணாமலை எரிமலைக் கருத்து, பக்திக்கும் அறிவியலுக்கும் இடையே பாலம் என்று முன்வைக்கப்படுகிறது. ஆராய்ந்து பார்த்தால் அது இரண்டு கரைகளையும் தொடவில்லை. நிலவியல் காட்டும் மலை, வெடிப்பில் பிறக்காமல் தேய்வில் வெளிப்பட்டது. புராணம் காட்டும் மலை, சீற்றத்தில் நிற்காமல் தணிவில் நின்றது. இரண்டும் தம் வழியில் பொறுமையைப் பேசுகின்றன. இடையில் நுழைந்த எரிமலை அந்தப் பொறுமையைக் கலைக்கிறது.

மலையை உயிருள்ளதாகக் கருதுவதில் பிழை இல்லை. ஊற்று சுரப்பதும், புல் முளைப்பதும், பாறை மண்ணாவதும், மண் சரிவதும் அதன் உயிர்ப்பே என்று ஒரு பக்தர் கொண்டால் நிலவியலாளருக்கு அதில் மறுப்பு இருக்காது. அப்படிக் கொள்பவர் மழைக்காலத்தில் மலையைக் கவனிப்பார். சரிவில் உறங்கும் குழந்தைகளையும் கவனிப்பார். மலையைச் சுற்றி வருவது மரபு. மலையின் மேல் விழும் நீர் எவ்வழியே இறங்குகிறது, யார் வீட்டு வழியே இறங்குகிறது என்று பார்ப்பதும் அந்தச் சுற்றுதலில் அடங்கும். தலவரலாற்று நூல்களின் அடுத்த பதிப்பில் எரிமலைக்கு ஒதுக்கப்படும் பத்தியை இதற்கு ஒதுக்கினால், மலைக்கும் மக்களுக்கும் அது பயன்படும்.